இடது பின் கதவில் இருந்த மண்

2003 நவம்பர் 6, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். விடியும்வரை கொட்டிய மழை தூறலாகக் குறைந்திருந்தது. சிறுமலை பாதிக்கு மேல் தெரியவில்லை. திண்டுக்கல் கரூர் சாலையில் இருந்த எங்கள் கிடங்கின் தகரக் கூரை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் எண்பத்து நான்காம் வருடத்து வெள்ளைக் கார் ஒன்று, ஆஸ்திரேலியா போவதற்காகக் கழுவித் துடைத்து நின்றது.

வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்களின் சாமான்களைக் கட்டி அனுப்பும் இந்தத் தொழிலில் இருபத்தாறு வருடம் இருந்தவன் நான். கயிறு எங்கே போடுவது, சுங்கத்தில் எந்தத் தாளை முதலில் நீட்டுவது என்பதையெல்லாம் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நேரம் நெருக்கும்போது மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். பத்துக்கு ஒன்பது தடவை அது சுலபமான பக்கம்தான் சாயும். என்னைக் கவலைக்காரன் என்று ஆபீசில் கேலி செய்வார்கள். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். லாரி கிளம்பிய பிறகும் பெட்டிகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பேன். கேலி செய்தவர்கள் நன்றாகத் தூங்கினார்கள், அதை ஒத்துக்கொள்கிறேன்.

காரின் சொந்தக்காரர் ஜெயசீலன், பள்ளியில் கணக்கு வாத்தியார். குழந்தையிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பியவர். அக்குளில் இரண்டு கட்டை ஊன்றித்தான் நடப்பார். அவர் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். மெல்போர்னில் ஒரு மருத்துவமனையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. டிசம்பர் கடைசியில் இரண்டு பேரும் விமானம் ஏற வேண்டும். கார் அதற்கு முன்பே கப்பலில் போய்விட வேண்டும்.

இவ்வளவு பழைய காரையா கொண்டு போகிறீர்கள் என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். அவர் காரிடம் போனார். கதவைத் திறந்து, கட்டைகளைப் பின் சீட்டில் போட்டு, உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூன்று கைப்பிடிகளைக் காட்டினார். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் மூன்றும் கையாலேயே இயங்கும்படி ஊரில் ஒரு பூட்டுப் பட்டறைக்காரர் அவர் கைநீளத்துக்கு அளவெடுத்துச் செய்து கொடுத்தது. பதினோரு வருடமாக அதில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தார்.

"அங்கயும் இது மாதிரி செஞ்சு குடுப்பாக சார். ஆனா காசு சேத்து, வண்டி வாங்கி, லைசென்சு எடுக்க ரெண்டு வருசம் ஆயிரும். அம்புட்டு நாளும் ஸ்டெல்லா டூட்டி முடிச்சு வந்து என்னைய ஏத்தி எறக்கணும். எனக்குன்னு வேலை தேடக்கூட அவ தோளப் பிடிச்சுத்தான் போகணும். அதுக்கு நான் இங்கயே இருந்துக்கிருவேன்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அந்தக் கார் போய்ச் சேராவிட்டால் இவர் அங்கே ஒரு வீட்டுக்குள் உட்கார வேண்டியதுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த நாட்டில் அவ்வளவு பழைய கார்களுக்கு மாற்றம் எதுவும் கேட்காமல் அனுமதி கொடுத்தார்கள். வண்டியின் வயதே நமக்கு உதவியாக இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் இரக்கமே காட்டுவதில்லை: மண். மண், விதை, இலை, செத்த பூச்சி எது ஒட்டியிருந்தாலும் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள். கொஞ்சமாக இருந்தால் மறுபடி கழுவச் சொல்வார்கள். அதிகமாக இருந்து, அதுவும் ஒளித்து வைத்ததுபோல் தெரிந்தால், வண்டியைத் திருப்பி அனுப்பு அல்லது அழித்துவிடு என்பார்கள். அதனால் எங்கள் மெக்கானிக் காதர் மூன்று நாள் அந்தக் காரோடு மல்லுக்கட்டினான். சீட்டுகளைக் கழற்றி, அடிப்பாகத்தை நீராவியால் அடித்து, சக்கரத்தின் உட்புறத்தைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். புதன்கிழமை மாலை எல்லாம் முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை லாரியில் ஏற்றித் தூத்துக்குடிக்கு அனுப்ப வேண்டும். சனிக்கிழமைக்குள் கண்டெய்னர் துறைமுகத்துக்குள் போகாவிட்டால் அந்தக் கப்பல் போய்விடும்.

வியாழக்கிழமை காலை கடைசிக் கையெழுத்துக்காக ஜெயசீலன் ஆட்டோவில் வந்தார். கூடவே, சொந்த ஊரான எரியோட்டிலிருந்து அவருடைய அப்பா சவரிமுத்துவும். வேட்டியை மடித்துக் கட்டி, மழைக்குத் தலையில் துண்டு போட்டிருந்தார். முந்தைய நாள் சாயங்காலமும் தனியாக வந்து, "வண்டிய ஒருக்காப் பாத்துக்கிறேன்" என்று வாட்ச்மேனிடம் கேட்டுச் செத்த நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் வழக்கம்போல நான்கு கண்ணாடிகளையும் இறக்கி ஏற்றிப் பார்த்தேன். மூன்று சரியாக இறங்கின. இடது பின் கதவுக் கண்ணாடி நாலு விரற்கடை இறங்கி நின்றுவிட்டது. கைப்பிடியை அழுத்திச் சுற்றினால் உள்ளே எதையோ அரைக்கிற சத்தம் கேட்டது.

"நேத்து நல்லாத்தானே எறங்குச்சு அண்ணே" என்றான் காதர்.

குனிந்து பார்த்தேன். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிவதற்கென்று சின்ன ஓட்டைகள் உண்டு. அதில் ஒன்றிலிருந்து, மாவு மில்லில் கடைசிப் பிடி விழுவதுபோல, செம்மண் உதிர்ந்துகொண்டிருந்தது.

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்துவிட்டார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை.

"அதத் தெறக்காதீக" என்றார்.

காதர் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். கதவின் உள் அட்டையைக் கழற்றினான். கண்ணாடி இறங்கும் சந்து வழியாக உள்ளே விட்ட நீளமான துணிப்பை ஒன்று, கண்ணாடியைத் தூக்கும் இரும்புக் கையில் சிக்கி, பாதி கிழிந்து தொங்கியது. ஊதாப்பூ போட்ட சேலைத் துணி, கையால் தைத்தது. கதவின் அடியில் மண் கொட்டிக் கிடந்தது.

"யப்பா, என்னப்பா இது?" என்றார் ஜெயசீலன்.

"உங்காத்தா கல்லறை மண்ணுடா. கல்லறைத் திருநாளன்னைக்கு எடுத்தது."

"மூணு நாளா இவுக ஒத்தத் தூசி இல்லாமக் கழுவி வச்சிருக்காக! மண்ணு இருந்தா வண்டிய எறக்கவே விடமாட்டான்னு உங்ககிட்டச் சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. அதான் வெளியத் தெரியாம வச்சேன்."

காதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிக்கொண்டான். ஜெயசீலனுக்குக் கோபத்தில் ஒரு கட்டை நழுவிக் கீழே விழுந்தது. பெரியவரே குனிந்து எடுத்து மகன் அக்குளில் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார், மகனைப் பார்க்காமல்.

"எங்க பக்கம் சாமியவே பிடிமண் எடுத்துத்தான் அடுத்த ஊருக்குக் கொண்டு போவாக அய்யா. இவன் போனா வருசாவருசம் அவளுக்கு மெழுகுவத்தி கொளுத்த வரப் போறதில்ல. சரி, அவ போகட்டும்னு நெனச்சேன். அவ எப்பவும் இந்தக் கதவுப் பக்கந்தான் உக்காருவா. ஆசுபத்திரிக்குக் கடைசியாப் போனதும் இதுலதான்."

பிள்ளைகளே, நாம் காரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சோதிக்கிறோம். அந்தக் காரில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று ஒருவரையும் கேட்பதில்லை. அதற்குப் பிறகு கேட்காமல் நான் ஒரு காரையும் கட்டியதில்லை.

அன்றைக்கு எனக்கு இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டியிருந்தது. முதலாவது வண்டியைப் பற்றி. காதர் பையை எடுத்துவிட்டு, காற்றுக் குழாயை வைத்து அடித்தான். கண்ணுக்குத் தெரிந்த மண் எல்லாம் போய்விட்டது. மணி பதினொன்றைக்கூடத் தாண்டவில்லை.

"அண்ணே, இனி ஒரு டீஸ்பூன் இருந்தாப் பெரிசு. யாரு கதவுக்குள்ள தலைய விட்டுப் பாக்கப் போறான்? நாளைக்கு ஏத்திருவோம்."

ஜெயசீலனும் என்னைக் கெஞ்சுகிற கண்களோடு பார்த்தார். ஏற்றிவிடுவோம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. தன் கார் என்பதால் அவர் துணிந்துவிடலாம். ஆனால் காதர் சொன்ன அந்த ஒரு டீஸ்பூனுக்கு என்ன ஆகும் என்று யோசித்தேன். முப்பது நாற்பது நாள் கடலில் ஆடி ஆடி அது ஓட்டை வழியாக இறங்கும். மெல்போர்னில் கண்டெய்னரைத் திறக்கும்போது வெள்ளைக் காருக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடாகக் கிடக்கும். தலையை விட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது.

லாரிக்காரருக்கு போன் செய்து வரவேண்டாம் என்றேன். தூத்துக்குடியில் எங்கள் ஏஜெண்டிடம் அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டேன். பதினைந்து நாள் கழித்து. ஜெயசீலன் முகம் சுண்டிப் போனது.

"பிந்தி வந்தாலும் வண்டி வந்து சேரும் சார். முந்திப் போய்த் திரும்பி வந்தால் அதோடு முடிந்தது" என்றேன். சொல்லும்போது என் குரல் உறுதியாக இருந்ததாகக் காதர் பிறகு சொன்னான். அந்த உறுதி குரலில் மட்டும்தான் இருந்தது.

இரண்டாவது முடிவு அந்த மண்ணைப் பற்றி. மேஜைமேல் செய்தித்தாள் விரித்து, கதவிலிருந்து எடுத்த மண்ணையெல்லாம் காதர் அதில் கூட்டி வைத்திருந்தான். இரண்டு கை கொள்ளும். விதிப்படி நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. கொட்டிவிடுங்கள். ஆனால் அப்படிச் சொன்னால் பெரியவர் அதை மடியில் கட்டிக்கொண்டு போய், அடுத்த தடவை நான் பார்க்காத இடத்தில் வைப்பார். மருமகளின் பெட்டியில் வைப்பார், பேரீச்சம்பழ டப்பாவில் வைப்பார். அந்தக் கண்ணில் அது தெளிவாகத் தெரிந்தது. ஒருவர் எதையாவது ஒளிக்கிறார் என்றால், அதைப் பிடுங்கி எறிவதால் நம் வேலை முடிவதில்லை. அவருக்கு வேண்டியது நேர்வழியில் கிடைக்குமா என்று பார்த்தால்தான் முடியும்.

"அய்யா, அவங்க பயப்படுறது மண்ணுக்குள்ள இருக்கற உயிருக்குத்தான். வேர், விதை, பூச்சி முட்டை, கண்ணுக்குத் தெரியாத கிருமி. சுட்ட மண்ணுன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நாங்க சுடுமண் குதிரையெல்லாம் அனுப்பியிருக்கோம். இத நல்ல களிமண்ணோட பிசைஞ்சு சின்னச் செங்கல்லா அறுத்துச் சுட்டுட்டா, உங்க மகன் கையிலேயே கொண்டுபோய் மேஜையில வச்சுக் காட்டலாம். ஒளிக்கவே வேண்டாம்."

பிரமாதமான யோசனை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். பெரியவர் முகம் இறுகிவிட்டது.

"எரிக்கச் சொல்றீகளா? அவள?"

மண்ணுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

"எங்கள்ல பொதைக்கிறதுதான் அய்யா. எரிக்கிற வழக்கம் கெடையாது. மண்ணுல வச்சவள நெருப்புல போடுன்னா எப்படி?"

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். பாதிச் சிநேகிதர்கள் வேதக்காரர்கள். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்துப் பேசியது ஜெயசீலன்தான். கோபம் போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுப் பையனுக்குச் சொல்லும் குரல்.

"யப்பா, நம்ம ஊருக் கோயிலு எதுல கட்டுனது?"

"ஏன், கல்லுலதான்."

"என்ன கல்லு?"

பெரியவர் மேஜைமேல் இருந்த மண்ணைப் பார்த்தார்.

"செங்கல்லுதான? சுட்டதுதான? தாத்தா வண்டி வண்டியாக் கல்லு அடிச்சாருன்னு நீங்கதான் சொல்லுவீங்க. அதுக்குள்ள நின்னுதான் எனக்கு ஞானஸ்நானத் தண்ணி ஊத்துனாக, அதுக்குள்ளதான் அம்மாவுக்குப் பூசை வச்சாக. சுட்ட மண்ணுங்கறதுக்காகச் சாமி உள்ள வராம நின்னுருச்சா?"

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். மேஜைமேல் கிடந்த மண்ணை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினார். கொஞ்சம் கொஞ்சமாகக் குவித்தார்.

"கோயில் கல்லு மாதிரின்னா சரி" என்றார். உடனே என் பக்கம் திரும்பி, "இந்த மழையில எந்தச் சூளையில தீ போடுவான்? எல்லாம் தையிலதான" என்றார்.

அது உண்மை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சூளைகள் ஓய்ந்து கிடக்கும். அதற்கும் வழி சொன்னது ஜெயசீலன்தான். கைப்பிடிகள் செய்து கொடுத்த பூட்டுப் பட்டறையில் பித்தளை உருக்கும் உலை மழையிலும் எரியும்.

எனக்குள்ள கவலைக்குணம் அங்கே ஒரு நல்ல காரியம் செய்தது. மண் முழுவதையும் ஒரே கல்லில் போட வேண்டாம், பாதியை வைத்துக்கொள்ளுங்கள் என்று பிடிவாதமாகச் சொன்னேன். பெரியவர் எரியோட்டுக் கண்மாய்க் களிமண்ணில் பிசைந்து, சோப்புக் கட்டி அளவில் ஒரு கல் அறுத்து, அடுப்படியில் காய வைத்துக் கொண்டுவந்தார். ஈரம் முழுசாகப் போகவில்லை. உலையில் வைத்த கால்மணி நேரத்தில் பட்டாசுபோல வெடித்துச் சிதறிவிட்டது. பெரியவர் சிதறிய சில்லுகளையெல்லாம் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டு போனார் என்று பட்டறைக்காரர் சொன்னார். மிச்ச மண்ணில் பாதியைப் போட்டு அறுத்த இரண்டாவதை அவர் முழுசாக இருபது நாள் காயவிட்டார். மேலே பெருவிரலால் சிலுவை அடையாளம் பதித்திருந்தார். அது செக்கச் சிவந்து, சுண்டினால் வெண்கலம்போல ஓசை கொடுத்தது. இரண்டாவது முயற்சிக்கு இடம் வைக்காமல் எந்த அவசரத்திலும் கையிலிருப்பதை முழுசாகச் செலவழிக்காதீர்கள்.

காரின் கதவை இதற்கிடையில் மொத்தமாகவே கழற்றினோம். தண்ணீர் விட்டு, காய வைத்து, மறுபடி தண்ணீர் விட்டு, வடிகிற தண்ணீரை வெள்ளைத் துணியில் பிடித்துப் பார்த்தோம். துணி வெள்ளையாகவே வருகிற வரைக்கும் காதர் என்னைத் திட்டிக்கொண்டே செய்தான். "கல்யாணப் பொண்ணக்கூட இம்புட்டுக் குளிப்பாட்ட மாட்டாக அண்ணே."

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. வண்டியோடு போகும், சுத்தம் செய்த விவரத்தாளில், இடது பின் கதவுக்குள் மண் இருந்தது, கதவைக் கழற்றிக் கழுவினோம் என்று எழுதினேன். தூத்துக்குடி ஏஜெண்ட் போனில் கத்தினார்.

"நீங்களே போயி ஏன் சார் தலையக் குடுக்குறீங்க? கழுவியாச்சுன்னா வாய மூடிக்கிட்டு அனுப்புங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு ராத்திரி யோசித்தேன். எழுதினால் அந்தக் கதவை நிச்சயம் திறப்பார்கள். எழுதாமல் தற்செயலாகத் திறந்து, இடுக்கில் ஒரு துகள் அகப்பட்டால், ஒளித்தது என்றாகிவிடும். அப்புறம் ஜெயசீலன் பேச்சு எடுபடாது. எழுதியதை அடிக்காமலே அனுப்பினேன். நல்ல முடிவா என்று தெரியாமலே இரண்டரை மாதம் இருந்தேன். அந்த இரண்டரை மாதமும் வீட்டில் என்னோடு பேச முடியவில்லை என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. ஜெயசீலன். பின்னால் வண்டிகள் போகிற சத்தம் கேட்டது.

"சார், இங்க வண்டிய சோதிக்க வந்த ஆபீசர் நேரா அந்தக் கதவுக்குத்தான் சார் போனாரு. அட்டையக் கழத்தி, டார்ச்சு அடிச்சு, கண்ணாடி வச்சுப் பாத்தாரு. எனக்கு நெஞ்சு நின்னு போச்சு. எந்திரிச்சு, 'இந்தக் கதவு புதுசா மாட்டுனதா'ன்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"முன் கண்ணாடிக்குக் கீழ காத்து வர்ற சல்லடைக்குள்ள ஒரு வேப்பிலை சார். ஒத்த இலை. அதுக்கு ஒருதரம் கழுவணும்னு சொல்லிட்டாரு."

அந்தச் சல்லடையை நான் இரண்டு முறை பார்த்திருந்தேன்.

"பயப்படாதீங்க சார். அதே எடத்துல கழுவி மறுநாளே குடுத்துட்டாக. 'உங்க ஆளு மறைக்காம எழுதியிருந்தாரு, அதனால இதோட விடுறேன்'னாரு."

"செங்கல்?"

"ஏர்போர்ட்டுலயே கையில எடுத்து நீட்டிட்டேன். அங்க சோதிக்கிற அம்மா தட்டிப் பாத்தாக, மோந்து பாத்தாக, இது என்னன்னு கேட்டாக. எங்கம்மா ஊருக் கல்லுன்னேன். ரெண்டு கையாலயும் திருப்பிக் குடுத்தாக. அப்பாகிட்டச் சொல்லிட்டேன். மிச்ச மண்ண ரோசாச் செடிக்குப் போட்டுட்டாராம். அவரு கண்ணுக்கு முன்னாடியும் அவ இருக்கட்டும்னாரு."

பிறகு அவர் குரல் கொஞ்சம் மாறியது.

"சார், இப்ப எங்க இருந்து பேசுறேன் தெரியுமா? ரோட்டோரம். பழகுன வண்டிங்கறதால லைசென்சும் சீக்கிரமே குடுத்துட்டாக. ஸ்டெல்லா வீட்டுல தூங்குறா, டூட்டி முடிஞ்சு வந்தது. நான் மட்டும் தனியா வந்தேன். நாளைக்கு ஒரு எடத்துல கணக்கு எழுதுற வேலைக்குக் கூப்பிட்டிருக்காக, வழி பாத்து வச்சுக்கிரலாம்னு. யாரையும் எழுப்பல சார்."

அவரிடம் நான் முதலிலேயே ஒரு தொகை பேசி முடித்திருந்தேன். பேசிய பிறகு கூடுதலாகக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. நிறுத்திய லாரி, தவறவிட்ட கப்பல், காதருக்கும் ஆட்களுக்கும் கொடுத்த கூலி, அந்த ஒற்றை வேப்பிலைக்காக அங்கே கழுவிய செலவு, எல்லாம் என் கையிலிருந்து போனது: பதினைந்தாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்.